கேட்டவரின் வரலாறு

இசைத்தட்டு ஒன்றைக் கையில் எடுத்தால், அதன் நடுவே ஒட்டப்பெற்ற வட்டத்தாளே முதலில் கண்ணில் படும். நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். பாட்டின் பெயர், அதனை இயற்றியவர் பெயர், பாடியவர் பெயர் என்பன அடுத்தடுத்து இருக்கும். பாடகரை எங்கே நிற்கச் செய்வது, ஒலிவாங்கியை எவ்வளவு தொலைவில் வைப்பது, பலமுறை பாடியவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்று அறையின் மறுபக்கத்தில் அமர்ந்து முடிவு செய்த ஒருவரும் உண்டு. அவர் பெயருக்கு அந்த வட்டத்தில் நெடுங்காலம் இடம் இருந்ததில்லை.

அவ்வாறு இடம் பெறாத ஒருவரை நடுவில் நிறுத்திய ஆவணப்படம் ஒன்று 2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. மார்க் மூர்மன் என்பவர் பல ஆண்டுகள் முயன்று உருவாக்கிய அப்படத்தின் பெயர் ‘டாம் டௌட் அண்ட் த லாங்குவேஜ் ஆஃப் மியூசிக்’ என்பதாகும். டாம் டௌடும் இசையின் மொழியும் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். ஒலிப்பதிவுப் பொறியாளராகத் தொடங்கி இசைத்தட்டுத் தயாரிப்பாளராக உயர்ந்த டௌடின் வாழ்வும் பணியும் அதன் பொருள். ரே சார்ல்ஸ், எரிக் கிளாப்டன், அட்லாண்டிக் நிறுவனத்தை நடத்திய அகமது எர்டிகன், ஜெர்ரி வெக்ஸ்லர் முதலியோர் அதில் தோன்றிப் பேசுகின்றனர். படம் திரைக்கு வருமுன்பே, 2002 அக்டோபர் 27ஆம் நாள், டௌட் காலமானார்.

கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்தின் மலரில் அமெரிக்க ஒலிப்பதிவாளர் ஒருவரைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் வினவக்கூடும். ‘கேள்வி’ என்னும் சொல் நம் மொழியில் இருபொருள் உடையது. செவியால் கேட்டு அறிவது ஒன்று. ஐயம் எழுப்பி வினவுவது மற்றொன்று. முதற்பொருளில் வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். முதற்பொருளிலான கேள்வி ஒருவர் வாழ்வில் எவ்வளவு பெரிய கலையாக வளரும் என்பதை இப்படம் காட்டுகிறது. இரண்டாம் பொருளிலான கேள்வியை அது போதிய அளவு எழுப்பவில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

இயற்பியலும் இசையும்

டௌட் 1925 அக்டோபர் 20ஆம் நாள் நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் பிறந்தார். தாய் இசைநாடகப் பாடகி. தந்தை இசையரங்கையும் நாடக அரங்கையும் சார்ந்தவர். பியானோ, வயலின், டூபா, பெரிய பேஸ் ஆகிய கருவிகளைச் சிறுவயதிலேயே டௌட் பயின்றார். கணிதத்திலும் இயற்பியலிலும் வல்லவராக விளங்கிய அவர், ஸ்டைவசண்ட் உயர்நிலைப் பள்ளியில் 1942ஆம் ஆண்டு, பதினாறாம் வயதில், படிப்பை முடித்தார். பின்னர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பணிக்குச் சேர்ந்தார்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பதினெட்டு வயது நிரம்பியதும் படைக்கு அழைக்கப்பெற்ற டௌட், சீருடை அணிந்தவராய் அதே ஆய்வுக்கூடத்திலேயே பணியைத் தொடர்ந்தார். அணுகுண்டை உருவாக்கிய மன்ஹாட்டன் திட்டத்தின் ஒரு பகுதி அப்பணி. போர் முடிந்தபின், 1946இல் பசிபிக் கடலின் பிக்கினிப் பவளத்தீவில் நடைபெற்ற அணுகுண்டுச் சோதனைப் பணியிலும் அவர் இருந்தார்.

நாடு திரும்பியபின் அணு இயற்பியலில் பட்டம் பெறுவதே அவர் எண்ணமாக இருந்தது. ஆனால் அவர் போர்க்காலத்தில் அறிந்தவை அரசின் இரகசியங்கள். அவற்றை எவரிடமும் சொல்லுதல் ஆகாது. பல்கலைக்கழகப் பாடத்திட்டமோ அவ்வறிவுக்கு முற்பட்டதாக இருந்தது. தாம் தவறென அறிந்தவற்றைச் சரியெனத் தேர்வில் எழுதிப் பட்டம் பெற வேண்டிய நிலை. அறிந்ததைச் சொல்லவும் இயலாமல், சொல்லப்படுவதை ஏற்கவும் இயலாமல், இருபது வயதைச் சற்றே கடந்த அவ்விளைஞர் இயற்பியலை விட்டு விலகினார். ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் வேலை தேடிக்கொண்டார். ஒலிப்பதிவுக் கலைக்கு அவர் வந்த வழி இதுவே. இந்தத் திருப்பத்தைப் படம் நிதானமாகச் சொல்கிறது. அவருடைய இளமைக் காலத்தை நடிகர்களைக் கொண்டு நடித்தும் காட்டுகிறது. பேரழிவுக் கருவிக்கு உழைத்த கைகள் பாட்டைப் பதிவு செய்யும் கைகளாயின என்னும் முரண், எடுத்துச் சொல்லாமலே நம் நெஞ்சில் தைக்கிறது.

மேசைகள் ஒதுங்கிய அறை

துருக்கி நாட்டுத் தூதரின் மைந்தரான அகமது எர்டிகனும் அவர்தம் நண்பர் ஹெர்ப் ஆப்ராம்சனும் 1947ஆம் ஆண்டு நியூயார்க்கில் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். கறுப்பின மக்களின் இசையே அதன் முதல் முதலீடு. அவ்விசைக்கு அக்காலத்து வணிக இதழ்கள் இட்டிருந்த பெயர் ‘இனத் தட்டுகள்’ என்பதாகும். பில்போர்டு இதழில் பணியாற்றிய ஜெர்ரி வெக்ஸ்லர், இழிவு தோன்றிய அப்பெயரை மாற்றி ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்னும் பெயரை முன்மொழிந்தார். 1949இல் அவ்விதழ் அதனை ஏற்றது. அவரே 1953இல் அட்லாண்டிக்கில் பங்குதாரராகச் சேர்ந்தார். இவ்விருவரோடும் டௌட் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு பணியாற்றினார்.

56ஆம் தெருவில் இருந்த அந்நிறுவனத்தின் அலுவலகம் பகலில் அலுவலகம், இரவில் ஒலிப்பதிவுக்கூடம். மாலையானதும் மேசைகளை ஒதுக்கியும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும் இடம் செய்து, அந்த இடத்தில் கருவியிசைஞர்களை அமர்த்துவர். மறுநாட் காலையில் மேசைகள் பழைய இடத்துக்கு வந்துவிடும். அமெரிக்க இசை வரலாற்றில் நிலைத்த பாடல்கள் பல, கணக்கேடுகளை ஓரமாக ஒதுக்கி வைத்த அந்த அறையில் பிறந்தவை.

டௌட் தொழிலுக்கு வந்தபோது பாட்டை நேரே தட்டில் வெட்டிப் பதிவு செய்யும் முறையே வழக்கில் இருந்தது. ஒலிநாடா அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. பாடகரும் கருவியிசைஞரும் ஒரே அறையில் கூடி, ஒரே மூச்சில் பாடி முடிக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் பாட்டு முடிய வேண்டும். ஒருவர் பிழைத்தால் தட்டு வீண். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒலிகளின் அளவைப் பின்னர்த் திருத்த இயலாது. டிரம்ஸ் ஓசை குரலை விழுங்கினால், டிரம்ஸைச் சில அடி பின்னுக்குத் தள்ளுவதே வழி. எனவே யார் எங்கே நிற்பது என்பதே அக்காலத்து ஒலிக்கலவை. அறையே கருவி, செவியே அளவுகோல்.

தாழ்ந்த ஒலிகளைத் தட்டில் ஏற்றுவதில் ஒரு சிக்கல் இருந்தது. பேஸ் முதலிய கருவிகளின் தாழ்ந்த ஒலி, தட்டின் பள்ளத்தை அகலமாக வெட்டும். இயக்கும்போது ஊசி துள்ளி விழும். ஆதலால் ஒலிப்பதிவாளர்கள் அவ்வொலியைக் குறைத்தே பதிவு செய்தனர். ஆனால் கறுப்பின மக்களின் ஆடற்பாட்டுக்கு உயிர்நிலை அந்தத் தாழ்ந்த ஒலியும் தாளமுமே அன்றோ? இசையும் இயற்பியலும் ஒருங்கே அறிந்த டௌட், ஒலிவாங்கிகளின் எண்ணிக்கையைப் பெருக்கியும் அவற்றின் இடத்தை மாற்றியும் பேஸும் டிரம்ஸும் தெளிவாகக் கேட்கும்படி செய்தார். பின்னணியில் மங்கிக் கிடந்த தாளக் கருவியிசைஞர் முன்னணிக்கு வந்தனர். இது பொறியியல் வெற்றி மட்டும் அன்று. ஒரு மக்கட்கூட்டத்தின் இசையை அவர்கள் கேட்டபடியே கேட்க வேண்டும் என்ற துணிவும் அதில் உண்டு.

எட்டுத் தடங்கள்

ஒலிநாடா வந்தபின் நிலைமை மாறியது. ஆம்பெக்ஸ் நிறுவனம் ஒரே நாடாவில் எட்டுத் தனித்தனித் தடங்களில் ஒலியைப் பதிவு செய்யும் கருவியை உருவாக்கியது. அதில் முதலாவது, கிட்டார்க் கலைஞர் லெஸ் பால் கைக்குச் சென்றது. அடுத்ததை அட்லாண்டிக் நிறுவனம், டௌடின் வற்புறுத்தலால், 1958இல் வாங்கியது. இசைத்தட்டு நிறுவனங்கள் பலவும் இத்தனை தடங்கள் எதற்கு என்று எண்ணியிருந்த காலம் அது.

தடங்கள் எட்டானதும் அவற்றை இயக்கும் மேசையும் மாற வேண்டியதாயிற்று. அதுவரை ஒலியின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் பெரிய வட்டக் குமிழ்களைத் திருக வேண்டியிருந்தது. ஒரு கைக்கு ஒரு குமிழ்; மிஞ்சினால் இரண்டு. டௌட் அக்குமிழ்களை அகற்றி, மேலும் கீழும் நகரும் ஃபேடர் என்னும் குறுகிய பிடிகளை நெருக்கமாக அமைத்தார். விரலுக்கு ஒரு பிடி என்ற அளவில் அவை அமைந்தன. பியானோவின் கட்டைகள்மீது விரல்கள் இயங்குவது போலப் பல தடங்களை ஒரே நேரத்தில் இயக்கலாயிற்று. பின்னாளில் உலகெங்கும் ஒலிப்பதிவு மேசைகளில் இத்தகைய பிடிகளே வழக்காயின. பியானோ பயின்ற சிறுவனின் விரற்பழக்கம் ஓர் இயந்திரத்தின் வடிவில் குடியேறியது எனலாம்.

ரே சார்ல்ஸ் 1959 பிப்ரவரியில் பாடிய ‘வாட்ட் ஐ சே’ இக்காலத்துக்குரியது. நடன அரங்கு ஒன்றில் நேரம் போக்க அவர் அப்போதைக்கப்போது புனைந்து பாடிய பாட்டு அது. ஒலிப்பதிவில் அது ஏழு நிமிடத்தை எட்டியது. சிறுதட்டின் ஒரு பக்கத்திலோ ஏறத்தாழ மூன்று நிமிடமே கொள்ளும். டௌட் அதனைச் செப்பனிட்டு, இரு பாகங்களாகப் பிரித்துத் தட்டின் இருபுறமும் அமைத்தார். எங்கே வெட்டுவது என்பதே அங்குக் கேள்வி. அடியின் நடுவில் வெட்டினால் பாட்டு சிதையும். மூச்சு விடும் இடமறிந்து வெட்டினால், தட்டைத் திருப்பும் கேட்பவனும் பாட்டின் பங்காளி ஆகிறான். கவிதையில் அடி முறிக்கும் இடத்தைத் தேர்ந்து பழகிய நம் கவிஞர்களுக்கு இந்த நுட்பத்தை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஜான் கோல்ட்ரேனின் ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ என்னும் ஜாஸ் தட்டையும் இதே ஆண்டில் இவரே பதிவு செய்தார் என்பது அவரது செவியின் அகலத்தைக் காட்டும்.

மெம்பிஸும் நியூயார்க்கும்

டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரில் ஸ்டாக்ஸ் என்னும் சிறு நிறுவனம் இருந்தது. பழைய திரையரங்கு ஒன்றே அதன் ஒலிப்பதிவுக்கூடம். பார்வையாளர் அமர்ந்த சரிவான தரை அப்படியே இருந்தது. அட்லாண்டிக் அதன் தட்டுகளை விற்பனை செய்துவந்தது. 1963இல் அங்குள்ள பதிவுக்கருவி பழுதுற்றபோது டௌடை அனுப்பி வைத்தனர். அவர் கருவியைப் பழுது நீக்கினார். அந்நாட்களிலேயே ரூஃபஸ் தாமஸ் அங்கே பாடிய ‘வாக்கிங் த டாக்’ பெருவெற்றி பெற்றது.

மெம்பிஸில் டௌட் கண்டது வேறொரு பணிமுறை. நியூயார்க்கில் ஒருவர் எழுதித் தந்த இசைத்தாளை மற்றவர் வாசிப்பர். இங்கே எழுத்தே இல்லை. நால்வர் கூடி அமர்வர். ஒருவர் ஒரு துணுக்கை வாசிப்பார். அடுத்தவர் அதனோடு இழைவார். பாட்டு தானே உருவாகும். அந்நால்வருள் கறுப்பினத்தாரும் வெள்ளையரும் இருந்தனர் என்பதையும் கருத வேண்டும். இனங்களைப் பிரித்து வைத்திருந்த நகரில், ஒரே சரிவுத் தரையில் அவர்கள் கூடி வாசித்தனர். நியூயார்க் திரும்பிய டௌட் அந்த முறையின் சிறப்பை எடுத்துரைத்தார். கட்டளையிடும் இடத்திலிருந்து சென்ற ஒருவர், கற்றுக்கொண்டு திரும்பினார் என்பது இதில் உள்ள செய்தி. 1965 ஜூலையில் அங்கேயே ஓடிஸ் ரெடிங்கின் ‘ஓடிஸ் புளூ’ தொகுப்பை இரண்டே நாட்களில் அவர் பதிவு செய்தார். ரெடிங் தாமே இயற்றிய ‘ரெஸ்பெக்ட்’ அதில் ஒரு பாட்டு.

அடுத்து 1967ஆம் ஆண்டு. அரீதா ஃபிராங்க்ளின் அட்லாண்டிக்கில் சேர்ந்து, அலபாமா மாநிலத்து மசில் ஷோல்ஸ் என்னும் ஊரில் ஜனவரியில் பாடத் தொடங்கினார். முதல் நாளிலேயே பூசல் மூண்டு, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது அரைகுறையாய் நிற்கப் பதிவு கலைந்தது. அந்த ஊரின் கருவியிசைஞர்களை நியூயார்க்குக்கு வரவழைத்துப் பணியைத் தொடர்ந்தனர். பிப்ரவரி 14ஆம் நாள் அங்கே ‘ரெஸ்பெக்ட்’ பதிவாயிற்று. ஒலிப்பதிவு மேசையில் டௌட் இருந்தார்.

ரெடிங்கின் பாட்டில் வீடு திரும்பும் ஆண் தனக்குரிய மதிப்பைக் கேட்கிறான். அரீதாவின் குரலில் அதையே ஒரு பெண் கேட்கிறாள். மதிப்பு என்னும் பொருளுடைய அச்சொல்லை எழுத்தெழுத்தாக உச்சரிக்கும் பகுதி மூலப்பாட்டில் இல்லாதது. அவர்தம் சகோதரியர் கேரலினும் எர்மாவும் பின்னின்று பாடினர். சொற்கள் பெரும்பாலும் பழையனவே. சொல்பவர் மாறியதும் பாட்டு புதிதாயிற்று. கறுப்பின மக்களும் பெண்களும் தங்கள் உரிமைக்குரலாக அதனை ஏற்றுக்கொண்டனர். கூற்று நிகழ்த்துபவர் மாறினால் பொருள் மாறும் என்னும் அகப்பாட்டு இலக்கணத்தை அறிந்த நமக்கு இது வியப்பன்று. ஆயினும் அந்தப் பெண்ணின் குரல் கருவிகளுக்கு நடுவே அமிழ்ந்துவிடாமல் முன்னே வந்து நிற்பதற்குக் கண்ணாடிக்கு அப்பால் ஒரு செவியும் உழைத்தது என்பதைப் படத்தின்வழி அறிகிறோம்.

லைலா

படத்தின் சிகரம் ஒரு காட்சி. முதுமையுற்ற டௌட் மயாமி நகரின் கிரைட்டீரியா ஒலிப்பதிவுக்கூடத்தில் மேசையின் முன் அமர்கிறார். 1970இல் அதே கூடத்தில் பதிவான ‘லைலா’ பாட்டின் நாடா ஓடுகிறது. ஒவ்வொரு பிடியாக மெல்ல உயர்த்துகிறார். ஒரு கிட்டார் மட்டும் கேட்கிறது. அதனைத் தாழ்த்தி இன்னொன்றை உயர்த்துகிறார். உலகம் ஒரே பாட்டாகக் கேட்டுப் பழகியது, இழை இழையாகப் பிரிகிறது. பிறகு எல்லா இழைகளையும் சேர்க்கிறார். பாட்டு மீண்டும் பிறக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தாம் கேட்டதையே புதிதாய்க் கேட்பவர் போல அவர் முகம் மலர்கிறது.

பாட்டின் வரலாறு கவிஞர்கள் அறியத்தக்கது. நண்பர் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவிமீது கொண்ட காதலால் வருந்திய எரிக் கிளாப்டன், 12ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் கவிஞர் நிஜாமி பாடிய லைலா மஜ்னூன் கதையில் தம் துன்பத்தைக் கண்டார். தலைப்பும் அதனால் வந்தது. டெரெக் அண்ட் த டாமினோஸ் என்னும் குழுவாக அவர் மயாமி வந்தபோது, டௌட் ஆல்மன் சகோதரர்களின் தட்டு ஒன்றையும் தயாரித்துக்கொண்டிருந்தார். அவர்களின் கச்சேரிக்கு ஆகஸ்டு 26ஆம் நாள் கிளாப்டனை அழைத்துச் சென்றார். டுவேன் ஆல்மனும் கிளாப்டனும் அறிமுகமாயினர். அன்றிரவே ஒருவர் வாசிப்பை மற்றவர் கேட்டனர். ஆல்மனின் சிலைடு கிட்டார் அப்பாட்டுக்கு மற்றொரு குரலாயிற்று.

இங்கே டௌட் செய்தது யாது? அவர் சுரம் ஒன்றையும் இயற்றவில்லை. கருவி ஒன்றையும் மீட்டவில்லை. ஒருவரையொருவர் கேட்க வேண்டிய இருவரை ஓரிடத்தில் சேர்த்தார். அவர்கள் கேட்டதைத் தாமும் கேட்டார். நாமும் கேட்கும்படி ஆக்கினார். தொகுப்பு வெளிவந்தபோது பெரிதும் விற்கவில்லை. 1972இல் பாட்டு தனித்தட்டாக வெளிவந்தபோதே பெருவெற்றி பெற்றது. அதற்குள், 1971 அக்டோபர் 29ஆம் நாள், விபத்தில் டுவேன் ஆல்மன் இறந்திருந்தார். அவர் வயது 24. படத்தில் டௌட் உயர்த்தும் ஒரு பிடியின் அடியில் இறந்துபோன அவ்விளைஞரின் விரல்கள் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கின்றன.

படம் எழுப்பாத கேள்விகள்

இதுவரை சொன்னவை முதற்பொருளிலான கேள்வி. இனி இரண்டாவதற்கு வருவோம். மூத்தவர் ஒருவர் தம் நினைவுகளை இனிமையாகச் சொல்ல, நண்பர்கள் அவரைப் புகழ, பழைய பாடல்கள் பின்னணியில் ஒலிக்கும்போது ஐயம் எழுப்புதல் எளிதன்று. வரலாறு கற்றவர்களுக்கு அது கடமை.

முதலாவது, நினைவின் நம்பகம். கிரீம் குழுவினர் 1967 மே மாதம் நியூயார்க்கில் ‘சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்’ பாட்டைப் பதிவு செய்தபோது தாளம் பொருந்தி வரவில்லை என்றும், திரைப்படங்களில் அமெரிக்கப் பழங்குடியினர் தோன்றும்போது ஒலிக்கும் தாளத்தை முயலுமாறு தாம் சொன்னதாகவும் டௌட் கூறுகிறார். டிரம்ஸ் வாசித்த ஜிஞ்சர் பேக்கர் அதனை ஏற்றவர் அல்லர். தாளம் தம்முடையதே என்றார். இருவரும் மறைந்துவிட்டனர். படத்தில் ஒருவர் சொன்னதால் அது மெய்யாகிவிடாது.

இரண்டாவது, பெயர் பெறாதவர்கள். ‘லைலா’ பாட்டின் பிற்பகுதியில் வரும் பியானோ இசை, சில வாரம் கழித்துத் தனியே பதிவாகி முற்பகுதியோடு ஒட்டப்பெற்றது. டிரம்ஸ் கலைஞர் ஜிம் கார்டனின் படைப்பாக அது பெயர் பெற்றது. தாமும் கார்டனும் சேர்ந்து அமைத்த பாட்டின் மெட்டே அது என்றும், தம் பெயர் விடுபட்டது என்றும் பாடகி ரீட்டா கூலிட்ஜ் 2016இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதினார். படம் வந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து எழுந்த குரல் அது. பிடிகள் அனைத்தையும் உயர்த்தினாலும் கேட்காத ஒரு தடம் அந்த நாடாவில் இருந்திருக்கலாம்.

மூன்றாவது, பொருள். ரூத் பிரௌன் 1949 முதல் அட்லாண்டிக்கில் பாடினார். அவர் பாடல்கள் ஈட்டிய வெற்றியால், ரூத் கட்டிய வீடு என்றே அந்நிறுவனத்தைக் குறிப்பிட்டனர். அந்த ரூத் பிற்காலத்தில் வீட்டுவேலை செய்து பிழைக்கும் நிலைக்கு வந்தார். தமக்குரிய உரிமைத்தொகையைக் கேட்டு அவர் நடத்திய நெடிய போராட்டத்தின் பயனாக, பழைய கலைஞர்களுக்கு உதவும் ரிதம் அண்ட் புளூஸ் அறக்கட்டளை 1988இல் தோன்றியது. ஸ்டாக்ஸ் நிறுவனமோ 1968இல் அட்லாண்டிக்கோடு உறவு முறிந்தபோது, தான் பதிவு செய்து அட்லாண்டிக் விற்ற தட்டுகளின் மூலநாடாக்கள் தன்னுடையவை அல்ல என்பதை ஒப்பந்தத்தைப் படித்து அறிந்தது. ‘ரெஸ்பெக்ட்’ வானொலியில் ஒலித்த போதெல்லாம், அமெரிக்க வழக்கப்படி, இயற்றியவர் தரப்புக்குத் தொகை சேர்ந்தது. பாடிய அரீதாவுக்கு இல்லை. மதிப்பைக் கேட்டுப் பாடிய குரலுக்கு அந்த மதிப்பு கிட்டவில்லை.

ஒப்பந்தங்களை எழுதியவர் டௌட் அல்லர். அவர் மேசையில் அமர்ந்த பணியாளர். ஆகவே பழியை அவர்மீது சுமத்துவது முறையன்று. ஆனால் அறையின் ஒலியைச் செம்மையாகக் கேட்ட அந்த வரலாற்றை எழுதும்போது, அறைக்கு வெளியே கேட்கப்படாமற்போன குரல்களையும் சேர்த்து எழுதுவதே நேர்மை. படத்தின் அன்பு மிகுந்த பார்வைக்கு இவை பொருளாக அமையவில்லை.

நான்காவது ஒன்றும் உண்டு. 1978 பிப்ரவரியில் நியூ ஜெர்சி மாநிலத்து லாங் பிராஞ்ச் என்னும் ஊரில் அட்லாண்டிக் நிறுவனத்தின் நாடாக்கள் வைத்திருந்த கட்டடம் தீப்பற்றியது. வெளிவராத பாடல்களும் பயிற்சி வாசிப்புகளும் அடங்கிய ஆயிரக்கணக்கான நாடாக்கள் சாம்பலாயின. வெளிவந்த தட்டுகள் எஞ்சின. அவை உருவான வழி எரிந்தது. நீருக்கும் நெருப்புக்கும் கறையானுக்கும் ஏடுகளை இழந்தவர்கள் நாம். அழிந்த பாடம் எதுவென்று அறியாமலே எஞ்சிய பாடத்தைப் போற்றும் துயரம் நமக்குப் புதிதன்று. அந்நாடாக்கள் போனபின், அவற்றில் இருந்ததைக் கேட்டறிந்த செவி ஒன்றே சான்று. ஆகவேதான், அந்தச் செவிக்குரியவர் மறைவதற்குமுன் அவரைப் பேச வைத்த மூர்மனின் உழைப்பு, குறைகள் இருப்பினும், நன்றிக்குரியது.

நிறைவாக

டௌடின் தொழில் உலகம் அவருக்கு 2002இல் கிராமி அறங்காவலர் விருதையும், மறைந்தபின் 2012இல் ராக் இசைப் பெருமன்றத்தில் இடத்தையும் அளித்தது. வட்டத்தாளில் இடம் பெறாத பெயர் இறுதியில் சுவரில் இடம் பெற்றது. ரூத் பிரௌன் தாமே போராடிப் பெற்றார். ரீட்டா கூலிட்ஜ் நூல் எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் போனவர் எத்தனை பேர் என்பதை எந்தப் படமும் காட்டாது.

இம்மலர் நம் வட்டத்தின் பத்தாண்டுகளை எண்ணிப் பார்க்கும் மலர். கவிதை படித்தோர் பெயரும், தலைமை தாங்கினோர் பெயரும், சிறப்புரை ஆற்றினோர் பெயரும் நம் ஆண்டறிக்கைகளில் உள்ளன. மாதந்தோறும் பின்வரிசையில் அமர்ந்து, மின்விசிறியின் இரைச்சலுக்கு அஞ்சி அதனை நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு கூட்டத்தையும் பதிவு செய்துவந்த உறுப்பினர் இருவரின் பெயர் அவற்றில் எங்கும் இல்லை. அறிக்கைகளை மூன்றாண்டு எழுதியவள் நான்; விடுபட்டதற்கு நானும் பொறுப்பு. இருவரும் நமக்குத் தெரிந்தவர்கள். கேட்டால் வேண்டாமென்றே சொல்வார்கள். மலர்க் குழுவினர் அவர்களைக் கேட்காமலே, கவிஞர்கள் வரிசையை அடுத்து, அவ்விருவர் பெயரையும் அச்சிட வேண்டுகிறேன்.